பன்னீர் தெளித்த ட்ரோன்

விதி தெரியாமல் மாட்டிக்கொள்பவனைப் பார்த்தால் நாலு பேருக்காவது இரக்கம் வரும். நான் எல்லா விதிகளையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மாட்டிக்கொண்டவன்.

லாரி கிளீனர், உளுந்தூர்பேட்டையில் புரோட்டா மாஸ்டர், கேரளாவில் ரப்பர் வெட்டு என்று சுற்றிவிட்டு, கடைசியில் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றேன். (பயிற்சிக்குப் பத்தாவது பாஸ் கேட்டார்கள். தாடி நரைக்கும் வயதில் தனியாக எழுதித் தேறினேன். கணக்கு மட்டும் விடாமல் துரத்தியது.)

அக்கா மகள் செல்வி கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தாள். களமருதூரில் நாற்று நட்டே அக்கா அவளைப் படிக்கவைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். பட்டமளிப்பு நாளன்று மைதானத்தில் ட்ரோன் பறக்கவிட்டுக் காட்ட என்னை அழைத்தார்கள். எனக்குப் பொறுப்பு என்று செல்விதான் கையெழுத்துப் போட்டாள்.

ட்ரோன் பாதுகாப்பைக் கவனிக்கும் பேராசிரியை பொறுமையாக எடுத்துச் சொன்னார். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக்கூடாது. ஆட்களின் தலைக்கு மேலே போகக்கூடாது. கண்ணை விட்டு மறையக்கூடாது. மேலிருந்து எதுவும் விழக்கூடாது. டேங்க் காலியாக இருக்கவேண்டும். கடைசியில் சொன்னதைச் செல்வியும் பலமுறை சொன்னாள்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. எங்கள் பக்கம் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டோம். பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு வெறும் காற்றா? பன்னீர் விழுகிற பொருள் இல்லை, தெளிக்கிற பொருள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

முந்தின நாள் நைனார்பாளையத்தில் மக்காச்சோளத்துக்கு மீன் அமிலம் அடித்திருந்தேன். (மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த சத்து மருந்து. பயிருக்கு அமிர்தம்.) டேங்க்கைத் தேய்த்துக் கழுவிப் பன்னீர் நிரப்பியவன், குழாயைக் கழுவ மறந்துவிட்டேன்.

கறுப்பு அங்கி ஊர்வலம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்தது. ட்ரோன் கயிற்றைத் தாண்டவில்லை. நான் தெளித்த சாரலைத் தூக்கிக்கொண்டு மலைக்காற்றுதான் தாண்டியது.

முதல் வரிசை அண்ணாந்து சிரித்தது. அப்புறம் மொத்தமாக மூக்கைப் பொத்தியது. சிறப்பு விருந்தினர் சட்டைக்கையை முகர்ந்து பார்த்தார். மலையிலிருந்த காக்கையெல்லாம் கிளம்பி வந்துவிட்டன.

"இன்னாத்தடா தெளிச்சிக்கினு கீற?" என்றாள் அக்கா. "கருவாட்டுக் கடையாட்டம் நாறுது."

அதற்குள் அலுவலர் ஒருவர் வந்து, அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். செல்வி கையைத் தூக்கினாள். விசாரணை முடியும்வரை அந்தப் பெண் மேடை ஏறவேண்டாம் என்றார். மகளுடைய அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா.

ட்ரோனை இறக்கி, ரிமோட்டைப் பேராசிரியை கையில் கொடுத்தேன். "டேங்க் காலியா இருக்கணும்னு அந்தப் பொண்ணு அத்தினி தபா சொல்லிச்சிங்க. நான்தான் கேக்கல. என்னை இன்னா வேணா பண்ணுங்க, அந்தப் பொண்ண மேடை ஏத்துங்க."

அவர் அலுவலரிடம் திரும்பினார். "படிச்சது அவ. தப்பு பண்ணது இவரு. ரெண்டையும் கலக்காதீங்க சார்."

செல்வி மேடை ஏறினாள். நான் காவலர் அறையில் ட்ரோனோடு உட்கார்ந்து கைதட்டலை மட்டும் கேட்டேன். அந்த வளாகத்தில் பட்டம் விடக்கூட எனக்கு இனி அனுமதி கிடைக்காது.

மேடையில் எடுத்த போட்டோ அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. செல்வி வாய் நிறையச் சிரிக்கிறாள். பட்டம் கொடுக்கும் பெரியவர் மட்டும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கிறார். வருகிறவர்கள் எல்லாம், அவருக்கு அப்படி என்ன கோபம் என்று தவறாமல் கேட்பார்கள்.

"கோவம்லாம் இல்லிங்க" என்பாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. "மூச்ச அடக்கிக்கினு நிக்கிறாரு."