கியர் கம்பி கையோடு வந்த கதை

என் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தரக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திடமாக முடிவெடுத்தேன். எடுத்த முடிவை அவளிடம் சொல்லத்தான் திடம் போதவில்லை.

எங்களுடையது பழைய பிக்கப். கியர் கம்பி தரையிலிருந்து முளைத்திருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே, தண்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நம் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர். அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் என் சொல் கேட்கும் ஒரே பொருள் அந்தக் கம்பிதான். அதையும் அவள் கையில் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறாள். தைத்த மூட்டைகளைக் கடைகளில் இறக்க, நான் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வந்து சேருவதற்குள் பாதிக் கடை பூட்டியிருக்கும்.

“எனக்குக் கத்துக் குடுத்துட்டா நானே போயிட்டு வந்துடுவேன்ல?”

“குடுக்கறேன்.”

“எப்போ?”

“அடுத்த வாரம்.”

“இதே அடுத்த வாரத்தைத்தான் நாலு வருஷமா சொல்றீங்க.”

அன்று மத்தியானம் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது நான் வண்டிக்குள் குனிந்தேன். கம்பியைத் தண்டோடு பிடித்து நிறுத்துவது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின். அதைத் தட்டிக் கழற்றினேன். கம்பி தொளதொளவென்று தொங்கியது.

“ஐயோ, கியர் கம்பி உடைஞ்சு போச்சும்மா!” என்றேன், இழவு வீட்டுக் குரலில்.

“ரிப்பேர் பண்ணிடலாமே?”

“இவ்வளவு பழைய வண்டிக்கு ஸ்பேர் எங்க கிடைக்கும்? செய்யறதையே நிறுத்திட்டானுங்க.”

நம்பிவிட்டாள். அதாவது, நம்பிவிட்டாள் என்று நான் நம்பினேன். பின்னை என் ஷூ பாலிஷ் டப்பாவில் ஒளித்து வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். நானே அதைத் திறந்து ஆறு வருஷமாகிறது. அப்படியானால் என் ஷூ தினமும் எப்படிப் பளபளக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

தண்டனை மறுநாளே தொடங்கியது. அரிசி மூட்டை என் தோளில். கேஸ் சிலிண்டர் என் தோளில். அவளுடைய சீருடை மூட்டைகள் மட்டும் தப்பித்தன. கடைக்காரர்களே வந்து எடுத்துப்போகிறார்கள் என்றாள். நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாவம் நீங்க. வண்டி ஓடினா இந்தக் கஷ்டம் உண்டா?” என்று தினமும் தோளில் தைலம் தேய்த்துவிடுவாள். அவள் விரல் பட்டதும் வலி தோளை விட்டு நெஞ்சுக்கு இறங்கிவிடும். திட்டினால் தாங்குவேன், பதினேழு வருஷப் பழக்கம். பொய் சொன்ன தோளுக்குத் தைலம் தேய்த்தால் எப்படித் தாங்குவது?

ஏழாவது வாரம் என்னால் முடியவில்லை. அவள் கேட்டது ஒரு ஸ்டியரிங். அதைக்கூடத் தர மனம் வராத என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. பின்னைத் திருப்பி மாட்டிவிட்டு, அன்றைக்கே கற்றுத் தருவது என்று தீர்மானித்தேன். ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனதும் பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். பாலிஷ் இருந்தது. பின் இல்லை.

போனால் போகிறது, ஆணி இருக்கிறதே! ஓர் ஆணியைச் செருகினேன். பாதியில் வளைந்தது. அதைவிடப் பெரிய ஆணி, அதைவிடப் பெரிய சுத்தியல் என்று எடுத்து வந்து ஓங்கி ஒரு போடு போட்டேன். பின் நுழையும் துளையுள்ள வார்ப்பிரும்புக் காது பிளந்து விழுந்தது. கம்பி கையோடு வந்துவிட்டது. ஏழு வாரப் பொய்யை ஒரே அடியில் உண்மையாக்கிவிட்டேன்.

கம்பியையும் பிளந்த காதையும் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்கு ஓடினேன். மெக்கானிக் துண்டைப் பிரித்ததும் பதறிப்போனார்.

“இது அக்கா வண்டிக் கம்பியாச்சே!”

“எந்த அக்கா?”

“யூனிஃபார்ம் தைக்கிற அக்கா. என் வீட்டுக்காரிதான் ஓட்டக் கத்துக் குடுத்தா. ஒன்றரை மாசமா கடை கடையா அவங்களே போய் மூட்டை இறக்கறாங்க.”

“கம்பிதான் உடைஞ்சிருந்துச்சே?”

“எங்க உடைஞ்சுது? பின்னு பாலிஷ் டப்பாவுல இருந்துச்சாம். கையாலயே மாட்டிக் கழட்டற மாதிரி அரம் போட்டுக் குடுத்தேன். காலையில மாட்டுவாங்க, சாயங்காலம் உருவிடுவாங்க.”

“சாயங்காலம் எதுக்கு உருவணும்?”

“வீட்டுக்காரர் வரும்போது அவர் வச்ச மாதிரியே தொங்கணுமாம். ஆமா, நீங்க யாரு சார்?”

சொன்னேன். என் தோளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஓ, மூட்டை தூக்கற சார்!” என்றவர் உடனே தலையில் கை வைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலையில அக்காவுக்கு லைசென்ஸ் டெஸ்ட் சார். இந்த வண்டியிலதான். இந்தக் காது தேடிப் பிடிக்கவே மூணு வாரம் ஆகுமே!”

வீட்டுக்கு வந்தேன். ஈரத்தலையோடு அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது கை, கம்பி இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் மடிக்குத் திரும்பியது. வலது கையில் சாவிக்கொத்து. அதில் என் பின்.

“பின்னைக் கழட்டினது நான்தான்ம்மா.”

“தெரியும். அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“லைசென்ஸை வாங்கி உங்க கையில குடுத்துட்டு, ‘ஏறுங்க, ஒரு ரவுண்டு போலாம்’னு கூப்பிடலாம்னு இருந்தேன்.”

அவள் குரல் உடைந்தது. எத்தனை மூட்டை தூக்கினாலும் அந்தக் குரலை இனி என்னால் இறக்கி வைக்க முடியாது.

“மன்னிச்சுடும்மா. ரிப்பேர் பண்ணிடலாம்னுதான் சுத்தியலை எடுத்தேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவிக்கொத்திலிருந்து பின்னைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்க உடைச்சு வச்சப்பகூட வண்டி ஓடுச்சுங்க. நீங்க ரிப்பேர் பண்ணினதுலதான் நின்னு போச்சு.”