நெத்தலிக் குவியலின் மேல் நான்

எனக்கு ஒன்று தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் நாற்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் எதைக் கேட்டாலும் "ஓம், தெரியும்" என்பேன். (இப்போதும் சில வேளை வாய் முந்திவிடும். மனைவி மேசைக்குக் கீழே காலால் தட்டி நிறுத்துவாள்.)

இந்த வியாதி முற்றியிருந்த காலத்தில், மல்லாவியில் கருவாட்டுக் கடை போடத் தீர்மானித்தேன். பிறந்து வளர்ந்தது உருத்திரபுரம். வயலையும் வாய்க்காலையும் தவிர வேறொன்றும் கண்டவனல்ல. கருவாட்டைச் சோற்றுக் கோப்பையில் மட்டும்தான் சந்தித்திருக்கிறேன். ஆனாலும் கடையை எடுத்து, பெயர்ப்பலகை எழுதி, திங்கட்கிழமை திறக்க நாளும் வைத்தாயிற்று. மனைவி மாலினி அதற்காகத் தன் தையல் மெசினை விற்றிருந்தாள். கடைக்குள் இல்லாதது கருவாடு மட்டுமே.

வெள்ளிக்கிழமை முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். கடற்கரையில் திரேசா அக்காவின் வாடி இருந்தது. மீன் காயப்போடும் வளவும் ஒரு கொட்டிலும்தான் வாடி. நல்ல நெத்தலி என்றால் அவரிடம்தான் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வாராவாரம் சரக்குத் தர அவர் சம்மதிக்காவிட்டால் என் கடையில் பலகையைத்தான் விற்க வேண்டும்.

"தம்பி, தொழில் தெரியாத ஆக்களுக்கு நான் சரக்குக் குடுக்கிறேல்ல. கொண்டுபோய்ப் பழுதாக்கிப்போட்டு என்ர பேரைத்தான் சொல்லுவினம். உமக்குக் கருவாட்டைப் பற்றித் தெரியுமோ?"

"என்னக்கா இப்பிடிக் கேக்கிறியள்? சின்னனிலயிருந்து இதுதானே எங்களுக்கு!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பளபளத்த என் சப்பாத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"அப்ப சரி. நான் ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடி வாறன். அதுவரைக்கும் காகம் வராமல் கலைச்சுக்கொண்டிரும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

மணலில் பழைய வலைகளை விரித்து, அவற்றின் மேல் நெத்தலி காயப்போட்டிருந்தது. பார்த்ததும் என் கால்கள் சும்மா நிற்கவில்லை. எங்கள் பக்கம் றோட்டில் நெல் காயும்போது அதற்குள் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து துழாவிவிடுவோம். அப்போதுதான் அடிநெல்லும் வெயில் காணும். அக்கா வரும்போது வேலை முடிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்! சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு (அந்த அளவு மரியாதை எனக்கு இருந்தது), காற்சட்டையை மடித்துக்கொண்டு நெத்தலிக்குள் இறங்கினேன்.

நெல்லுக்குள் நடந்தால் சரசரவென்று கேட்கும். இது நசநசவென்றது. தலைகள் ஒரு பக்கம், உடல்கள் ஒரு பக்கம் போயின. வலைக்கு அடியிலிருந்து மணல் மேலே வந்தது. தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் இரண்டு சுற்று நடந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கருமேகம் வந்தது. மேகத்தைக் கண்டால் நெல்லுக்காரனுக்கு மூளை ஓடாது, கைதான் ஓடும். விளக்குமாற்றால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே குவியலாக்கி, தறப்பாளால் மூடினேன். கடற்காற்று தறப்பாளைத் தூக்கியது. நெல் என்றால் சுற்றிவரக் கல் வைப்போம். அந்த மணலில் கல்லுக்கு எங்கே போவது? நானே ஏறி உட்கார்ந்தேன்.

மழை வரவில்லை. மேகம் போய் வெயில் சுள்ளென்று அடித்தது. நான் அசையவில்லை. (அக்கா வந்து பார்க்க வேண்டாமா?) கீழேயிருந்து மெல்லச் சூடு ஏறியது. பிறகு மணம் ஏறியது.

அக்கா வந்து வெறும் வலைகளைப் பார்த்தார். "தம்பி, நெத்தலி எங்க?"

நான் பெருமையோடு எனக்குக் கீழே காட்டினேன்.

"ஐயோ மாதாவே! எழும்படா!"

தறப்பாளை இழுத்ததும் இடியப்பப் பானையைத் திறந்தது போல ஆவி வந்தது. "அரைவாசி காஞ்சதை மூடி அவிச்சு வைச்சிருக்கிறியே! ஆரடா உன்னைக் காலால உழக்கச் சொன்னது? இதென்ன நெல்லே?"

"நெல்லு மட்டும்தான் அக்கா எனக்குத் தெரியும்," என்றேன். "கருவாடு ஒண்டும் தெரியாது. பொய்தான் சொன்னனான். திங்கக்கிழமை கடை திறக்கவேணும். மனிசி தையல் மெசினையும் வித்துப்போட்டா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கால்விரல் இடுக்குகளில் நெத்தலித் தலைகளோடு நின்று அழுத வியாபாரி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா குனிந்து குவியலைக் கையால் கிளறிப் பார்த்தார். பிறகு, "நிண்டு அழாமல் வா, விரிப்பம்," என்றார்.

பின்னேரம் நெத்தலி காய்ந்துவிட்டது. ஆனால் மீனுக்குச் சமனாக மண்ணும் இருந்தது. "இந்த மண்ணை என்ன செய்யிறது?" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

"சுளகு இருக்கோ அக்கா?"

இது மட்டும் எனக்கு உண்மையிலேயே தெரியும். அம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லாததால் வீட்டில் அரிசி புடைத்து வளர்ந்தவன் நான். சுளகைக் கையில் எடுத்ததும், பக்கத்து வாடிப் பெண்கள் எல்லாரும் ஆம்பிளை புடைப்பதைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். வெட்கத்தைப் பார்த்தால் திங்கட்கிழமை வந்துவிடும். இருட்டுமுன் புடைத்து முடித்தேன்.

அக்கா ஒரு நெத்தலியைக் கடித்துப் பார்த்தார். மண் கடிபடவில்லை.

"சரக்குத் தாறன். கள்ளன் எண்டால் இவ்வளவு விசர்வேலை பாக்கமாட்டான். ஆனா மூட்டை வாசலுக்கு வரும். நீ வாடிக்குள்ள கால் வைக்கப்படாது!"

கடை இன்றுவரை நன்றாக ஓடுகிறது. மாலினிக்குப் புது மெசினும் வாங்கியாயிற்று. பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் மல்லாவியில் அது 'உழக்குக்கடை'தான். (கதையைப் பரப்பியது மாலினி. வேறு யார்?) நானும் இன்னும் வாடி வாசலில் நின்றுதான் சரக்கு எடுக்கிறேன்.

போன மாதம் திரேசா அக்கா முதல் தடவையாக எங்கள் கடைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

"ஏனக்கா நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

"ஒண்டையும் மிதிக்கமாட்டன் தம்பி. வரலாமோ?"

மாலினி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவர் உட்கார நான் அவசரமாகக் கதிரையைத் துடைத்து வைத்தேன். அக்கா அதையும் பார்த்தார், மூலையிலிருந்த நெத்தலி மூட்டையையும் பார்த்தார்.

"இதிலயோ இருக்கிறது, இல்லாட்டி உங்கட வழக்கப்படி அதுக்கு மேலயோ?"