பால் சொசைட்டிக்காரனின் வைன் சங்கம்

வைன் குடிப்பவன் வேறு, வைனை ருசி பார்ப்பவன் வேறு. இந்த உண்மையைத் தியாகதுருகம் வட்டாரத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது நான்தான் என்று போன பங்குனியில் முடிவு செய்தேன்.

காரணம், செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. கோட் போட்ட ஒருவர் கிளாஸைச் சுழற்றினார், மோந்து பார்த்தார், ஒரு வாய் வைத்தார், துப்பினார். பிறகு அரை மணி நேரம் பேசினார். அதற்குச் சம்பளமாம். எனக்கு வயிறெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் பால் சொசைட்டியில் தினமும் காலையில் நான் செய்கிற வேலையே அதுதான். கேனை ஆட்டுவேன், மோந்து பார்ப்பேன், நாக்கில் ஒரு சொட்டு விடுவேன், "தண்ணி" என்பேன். கொண்டுவந்தவன் தலை குனிவான். லாக்டோமீட்டர் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. இந்தப் பச்சமுத்துவுக்கு நாக்கு போதும். நல்ல பால் எப்படி இருக்கும் என்பதற்கு, என் மனைவி ஜெயசுதா சொசைட்டிக்கு ஊற்றுகிற எங்கள் வீட்டுப் பாலைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவேன்.

சங்கம் ஆரம்பித்தோம். தலைவர் நான். செயலாளர் உரக்கடை வீரமணி, ஏனென்றால் பாட்டில் அவனுடையது. பெங்களூர் மருமகன் கொடுத்தது. உறுப்பினர், ரிடையரான டிரில் வாத்தியார் பொன்னுரங்கம். இடம், எங்கள் மாட்டுக்கொட்டகை. நேரம், ஜெயசுதா மகளிர் குழுவுக்குப் போகும் ஞாயிறு மத்தியானம். வீடியோக்காரர் வைனின் நிறத்தையும் பார்த்தார். எங்களிடம் இருந்தது எவர்சில்வர் டம்ளர் என்பதால் நிறத்தை விட்டுவிட்டோம்.

முதல் கூட்டத்திலேயே சிக்கல். பொன்னுரங்கம் டம்ளரில் வாய் வைக்காத மனுஷர். அண்ணாந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார். வைன் நாக்கைத் தொடாமல் நேராக வயிற்றுக்குப் போனது. "இன்னாபா, ருசியே இல்ல" என்றார். அதைச் சொல்வதற்குள் பாதி பாட்டில் காலி. மீதியை அடுத்த வாரத்துக்கென்று தவிட்டு மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். தினம் இரண்டு வேளை அந்த மூட்டைக்குள் கை விட்டு மாட்டுக்குத் தவிடு எடுப்பது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஜெயசுதா ஒன்றும் சொல்லவில்லை. குழம்பில்கூட காரம் கம்மி. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் பயந்திருக்க வேண்டிய வாரம் அது. ஆனால் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு. சுழற்றினேன், மோந்தேன், ஒரு வாய் வைத்தேன். போன வாரத்துப் புளிப்பு இல்லை. மூடி திறந்து காற்றுப் பட்டதில் வைன் பக்குவமாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். வீரமணி அதை உரக்கடை டைரியில் எழுதிக்கொண்டான். பொன்னுரங்கம் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கல்வராயன் மலையில் மழை பெய்த மறுநாள் மாதிரி இருக்கிறது என்றார். எனக்கே பொறாமையாகிவிட்டது.

அப்போதுதான் ஜெயசுதா வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

"உக்காருங்கண்ணே. இன்னா சங்கம் இது?"

வேறு வழியில்லை. இது குடிக்கிற சங்கமே இல்லை, ஆராய்ச்சி என்று தலைவர் என்ற முறையில் விளக்கினேன். கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நாக்குலயே எல்லாத்தையும் கண்டுபுடிச்சிருவீங்களா?"

"இந்த நாக்குக்குத் தப்புனது எதுவும் இல்ல சுதா."

"அதுல யாராச்சும் தண்ணி ஊத்தியிருந்தா?"

சிரித்தேன். "யாரப் பாத்துக் கேக்கற? தண்ணியக் கண்டுபுடிக்கறதுதான் என் பொழப்பே."

"கண்டுபுடிக்கலன்னா?"

"இப்பவே சங்கத்தக் கலைச்சுடறன். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"கலைச்சுடுங்க. வெள்ளிக்கெழமையே ஊத்திட்டன். அதுல முக்காவாசி மாட்டுத்தொட்டித் தண்ணி."

வீரமணி டைரியில் எழுதியதை அடித்தான். பொன்னுரங்கம், மழை என்று நான் சரியாகத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்தபடி மல்லாட்டையைத் துண்டில் கட்டிக்கொண்டார். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

ஊற்றுவதற்கு முன்னால் எடுத்த வைன் எங்கே என்று கேட்டேன்.

"நானும் வீரமணி அண்ணன் சம்சாரம் அம்சவள்ளியும் ருசி பாத்தோம். புளிப்பு ஜாஸ்தி. ஆனா நாங்க துப்பல."

சங்கம் போனால் போகிறது. விஷயம் வெளியே போனால் என் கதி என்ன? நாளைக் காலையில் சொசைட்டியில் எந்த முகத்தோடு நான் "தண்ணி" என்று சொல்வது?

"வைன் நமக்குப் புதுசு சுதா, ஏமாந்துட்டன். பால்ல என்னை எவனாலயும் ஏமாத்த முடியாது."

ஜெயசுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது.

"கவலப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன். ஒம்போது வருசமா நம்ம வூட்டுப் பால்ல தெனம் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கினு இருக்கறன். அதையே யார்கிட்டயும் சொல்லல."