சேற்றுப் பாதையில் இரும்புச் சட்டை

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா தெருவைப் பார்க்க முடியாது. எந்த வண்டியில் விளக்கு எரியவில்லை, எந்தத் தலையில் ஹெல்மெட் இல்லை என்று கண் தானாகத் தேடும். (என் மனைவி சரஸ்வதி இதை வியாதி என்பாள்.) அந்தக் கண்ணால்தான் என் மகளைச் சேற்றில் மூழ்கடித்தேன். கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் மகள் மகள்தானே.

கவிதா நாமக்கல்லில் எங்களோடு இருந்தபடியே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். வேலை முடிந்தால் வாளும் மந்திரமுமாக ஒரு விளையாட்டு. அதில் அவளுக்கென்று ஒரு பெண் உருவம், வருடக்கணக்காக வளர்த்தது. அங்கே செத்தால் செத்ததுதான், மறு உயிர் கிடையாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து நடக்கவும் கதவு திறக்கவும் பழகியிருந்தேன். எல்.எல்.ஆர். வாங்கிய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் ஒரு மதியம், நண்பர் செந்திலோடு அவள் ஒரு சதுப்பு நிலத்தைக் கடக்க இருந்தபோது அலுவலகத்தில் அவசரக் கூட்டம் என்று அழைத்தார்கள்.

"அப்பா, செந்தில் பின்னாலயே நடங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

செந்தில் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ காட்டில் இருப்பவர், அங்கிருந்தே விளையாடுவார். ஹெட்போனில் குரல் மட்டும் வரும். சாப்பிட்டுவிட்டு வருவதாகவும் அங்கேயே நிற்கும்படியும் சொன்னார்.

அந்த இடைவெளியில்தான் மகளின் உருவத்தை நிதானமாகப் பார்த்தேன். மெல்லிய துணி உடுப்பு. தலையில் ஒன்றுமில்லை. எத்தனை பள்ளிக்கூடங்களில் நான் ஹெல்மெட் பற்றிப் பேசியிருப்பேன்! மூட்டையைத் திறந்தால், விற்பதற்கு வைத்திருந்த இரும்புக் கவசம் முழுசாக இருந்தது. (மூட்டையில் இருக்கும்வரை அதற்கு எடை கிடையாது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி.) நியாயமாக முதலில் தலைக்கவசம், பிறகு மார்க்கவசம், கடைசியில் கையுறைகள் என்று மாட்டினேன்.

திரையின் ஓரத்தில் ஒரு கோடு சிவந்தது. கவிதா விளையாட்டில் சம்பாதித்த புள்ளிகளையெல்லாம் வேகத்தில் போட்டு, பலத்தை அப்படியே விட்டிருந்தாள். லேசாக உடுத்தி ஓடித் தப்புவது அவள் வழி. பலத்துக்கு மேல் பாரம் ஏறினால் அந்தக் கோடு சிவக்கும். தூரத்தில் வருகிற லாரியின் டயரைப் பார்த்தே ஓவர்லோடு என்று கை காட்டி நிறுத்தியவன் நான். அந்தச் சிவப்பு எனக்கு அலங்காரமாகத் தெரிந்தது.

செந்தில் வந்தார். நடந்தோம். சன்னலுக்கு வெளியே வானம் மூடியிருந்தது. பக்கத்துக் கோழிப்பண்ணையின் ஓயாத இரைச்சல் சட்டென்று நின்றது. அத்தனை கோழிகளும் ஒன்றாக வாய் மூடினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஹெட்போனில் என் இரும்புக் காலடி மட்டும் கேட்டது. நான் நின்றேன். காலடி இன்னொன்று கேட்டது.

மூடுபனிக்குள் பாதையின் இருபுறமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கழுத்தளவு சேற்றில், அசையாமல், பாதையைப் பார்த்தபடி. எல்லார் தலையிலும் இரும்பு.

யார் இவர்களெல்லாம் என்று கேட்டேன்.

"இங்க செத்தவங்க அப்படியே நிப்பாங்க. எல்லாம் நம்மளாட்ட வெளையாட வந்தவங்கதானுங்க" என்ற செந்தில், அப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "ஏனுங்கய்யா, என்னத்தப் போட்டுட்டு வாரீங்க?"

"பாதுகாப்புக்குத்தானுங்க."

"அவங்களும் அதுக்குத்தான் போட்டாங்க. நிக்காதீங்க. நின்னா எறங்கீருவீங்க."

நான் ஏற்கெனவே நின்றிருந்தேன். முழங்கால்வரை சேறு. கழற்றச் சொன்னார். கடைசியில் மாட்டியதை முதலில் கழற்றுவதே முறை. செந்தில் மார்க்கவசம், மார்க்கவசம் என்று மன்றாடுகிறார். நான் இடது கையுறையில் இருக்கிறேன். சேறு கழுத்துக்கு வந்தபோது, பக்கத்தில் நின்ற இரும்பு முகம் பாதையை விட்டு என் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு திரை இருண்டது. கோழிகள் மறுபடி கத்தத் தொடங்கின.

கவிதா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணியிலயே எவ்வளவு தூரம் வந்தவ தெரியுங்களாப்பா?" என்றாள். பிறகு, "ஹெல்மெட்டையாச்சும் கழட்டுனீங்களா?"

"இல்ல சாமி."

இப்போது வேறு உருவம் வளர்க்கிறாள். பலத்துக்கும் கொஞ்சம் புள்ளி ஒதுக்குகிறாள். காலை நடைக்கு நான் ஸ்வெட்டரை எடுத்தால் போதும், "பலம் பாத்துப் போடுங்க" என்பாள் சரஸ்வதி. சொந்தக்காரர் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார்வரை இந்தக் கதை போயிருக்கிறது.

அந்தப் பழைய உருவம் சதுப்பில் இன்றும் நிற்கிறது. கவிதா கடந்துபோனால் அசைவதில்லை. புது உருவத்தை என்னிடம் கொடுத்து நடக்கச் சொன்னால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. "அப்பாவ மட்டும் அடையாளம் தெரியுது பாருங்க" என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் என்னை நடக்க வைத்துக் காட்டுகிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். ஓட்டுவது யார் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் செந்தில் உட்பட யாரும் எனக்கு விளக்கவில்லை.