நாற்பத்து மூன்று மங்கல்கள்

பிரபஞ்சம் எங்கள் வானியல் சங்கத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த கேலக்ஸிகளை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, கூட்டம் போட்டு, கைதூக்கி அங்கீகரித்தவர்கள் நாங்கள். நான் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒன்பது நாள் மொட்டைமாடியில் கேமராவை வானத்துக்குக் காட்டி, எடுத்ததையெல்லாம் அடுக்கி ஒரே படமாக்கியிருந்தார். நடுவில் ஒரு பெரிய கேலக்ஸி. அதைப் பார்க்கச் சங்கம் வேண்டாம், கண் போதும். பின்னணியில் கண்ணுக்குப் பிடிபடாமல் கிடக்கும் மங்கலான கேலக்ஸிகள்தான் எங்கள் இலக்கு. பக்கத்து ஊர்ச் சங்கம் இதே இடத்தில் நாற்பது கண்டுபிடித்துக் கண்காட்சியும் வைத்துவிட்டது. அதிலிருந்து எங்களுக்கு 'அறிவியல் ஆர்வம்' தாங்கவில்லை.

ஞாயிறு காலை, படக்காரர் வீட்டுக் கூடத்தில் 'மங்கல் ஆய்வுக்குழு' கூடியது. மூன்று மணி நேரத்தில் பதினொன்று தேறின. பன்னிரண்டாவதில் தகராறு.

"இது தூசி," என்றார் பொருளாளர்.

"கேலக்ஸிதான். எனக்குத் தெரியுது," என்றார் தலைவர்.

வாக்கெடுப்பு நடந்தது. நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அது கேலக்ஸி ஆனது. விண்வெளியில் ஜனநாயகம் காலடி வைத்த தருணம்.

துணி மடித்துக்கொண்டிருந்த படக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். டிரைகிளீனிங் கடையில் கறை எடுக்கிற வேலை அவருக்கு.

"அது தூசிங்க," என்றார். "கறை சட்டையில இருக்கா, நம்ம கண்ணாடியில இருக்கான்னு சந்தேகம் வந்தா, நாங்க சட்டையைத் திருப்பிப் பாப்போம். ஒரு நாள் கேமராவைத் திருப்பி வச்சு எடுத்தீங்கல்ல, அந்தப் படத்தைக் காட்டுங்க."

கணவர் காட்டினார். நட்சத்திரமெல்லாம் இடம் மாறியிருந்தது. தலைவரின் கேலக்ஸி மட்டும் அதே மூலையில் அசையாமல் இருந்தது.

"பிடிவாதமான கேலக்ஸி," என்றார் தலைவர்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த மூன்று ஞாயிறும் உட்கார்ந்தார். "இது நீள்வட்டமா இருக்கு, நட்சத்திரம் இல்ல. இதுக்கு ஓரம் கரையுது, குறிச்சுக்குங்க," என்பார். குறித்துக்கொள்வது எங்கள் பணி. பொருளாளர் வானியலாளர்களின் கேலக்ஸி அட்டவணையோடு ஒப்பிட்டார். நாற்பத்து மூன்றும் சரி.

கடைசி மங்கலின் வெளிச்சம் கிளம்பி எழுபது கோடி வருஷம் ஆகிறது என்று கணவர் சொன்னபோது, திரையில் வைத்த விரலை அவர் எடுக்கவேயில்லை.

"இவ்வளவு தூரம் வந்திருக்கு. யாராவது பாக்க வேணாமா," என்றார்.

கண்காட்சிப் பலகைக்காக மறுபடி கூடினோம். "அவ பேரையும் போடணும்," என்றார் படக்காரர், மெல்ல.

"அவங்க உறுப்பினர் இல்லையே. விதின்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் தலைவர்.

படக்காரர் 'விதியே' என்று உட்கார்ந்துவிட்டார்.

பலகை கம்பீரமாக வந்தது. கண்டுபிடிப்பு: தலைவர். வழிகாட்டல்: தலைவர். சரிபார்ப்பு: பொருளாளர். ஒருங்கிணைப்பு: அடியேன். அந்த அம்மா கறை எடுத்தார். தலைவர் பேர் எடுத்தார்.

கண்காட்சிக்கு அவர் கடையிலிருந்து நேராக வந்தார். பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார்.

"என் பேர் எங்க இருக்கு தம்பி?"

சங்கத்தின் மானம் காப்பது செயலாளரின் கடமை. "ரொம்பப் பொடி எழுத்து அக்கா. உத்துப் பாருங்க," என்றேன்.

அவர் நம்பினார். மூக்கு பலகையில் உரசக் குனிந்து, எழுபது கோடி வருஷத் தொலைவில் இருந்ததைக் கண்டுபிடித்த கண்ணால், நான் அச்சடிக்காத பேரை வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார்.