ஏழு ஜன்னலும் ஒரு விண்கலமும்

இனிமேல் அரைகுறையாக எதையும் வீட்டில் போட்டு வைப்பதில்லை என்று ராத்திரி சார் சபதம் செய்திருந்தார். வாசகங்களைச் சொன்னது அவர் மனைவி. இவர் வாயை மட்டும் அசைத்தார்.

சும்மா ஒன்றும் அவள் சபதம் வாங்கவில்லை. கூழாங்கல் போட்டு, விளக்குப் பொருத்தி, மீன் மட்டும் விடாத கண்ணாடித் தொட்டி ஒன்று சமையலறையில் இருந்தது. இப்போது அதில் வெங்காயம் வசித்தது. மூன்று காலோடு நின்றுபோன நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்து நாலாவது காலுக்குக் காத்திருந்தது. புல்லாங்குழல் கற்றுக்கொள்ளும் புத்தகத்தில் பதினோராம் பாடத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. பஸ் அதற்கப்புறம் நகரவில்லை.

"இன்னொரு அரைகுறை உள்ள வந்துச்சுன்னா, ஒண்ணு அது வெளிய போகும், இல்ல நீங்க போவீங்க."

"நான் போயிட்டா அதை யாரு முடிக்கிறது?"

"நீங்க இருந்து மட்டும் எதை முடிச்சீங்க?"

'ராத்திரி சார்' என்பது தெரு வைத்த பெயர். தண்ணீர் பம்ப் ஹவுஸில் அவருக்கு நிரந்தர இரவு வேலை. ஊர் தூங்கும்போது மீட்டரில் ஒரு முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் குழாயைத் திறக்கிற யாரும் அவரை நினைப்பதில்லை. தண்ணீர் வராத நாளில் மட்டும் நினைப்பார்கள், அதுவும் நல்லவிதமாக அல்ல.

மனைவிக்குப் பகல் வேலை. பொய்ப்பல் செய்யும் லேபில் அவள் மூத்த கை. அரிசி அளவு பல்லுக்கு, வாய்க்காரரின் மற்ற பற்களோடு ஒத்துப்போகும்படி சன்னமான தூரிகையால் மஞ்சளும் கறையும்கூடத் தீட்டிக் கொடுப்பாள். அதற்காக லேபில் கொடுத்த ஷீல்டு ஹாலில் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில், தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு சாண் இடம் காலி. அந்த ஒரு சாணில்தான் ராத்திரி சாரின் கண். தன் கையால் செய்து முடித்த ஒரே ஒரு பொருள் அங்கே நிற்க வேண்டும். நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்காகத்தான் விண்கலத்தை வரவழைத்தார்.

நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டை போடும் ஜாதிக் கலம், ஒரு சாண் நீளத்துக்குப் பொம்மையாக. பெட்டிக்குள் நூற்று நாற்பத்தெட்டுத் துண்டுகள், பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கின. வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். பெட்டி கட்டிலுக்கடியில் பழைய சூட்கேஸுக்குள் போனது. முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவது என்று முடிவு. முடிக்கும்வரை மனைவிக்குத் தெரியக் கூடாது. பாதியில் தெரிந்தால் வெங்காயம் அதிலும் குடியேறிவிடும்.

வசதி என்னவென்றால், அவர் பகலில் தூங்க வேண்டியவர். ஒன்பது மணிக்கு மனைவி கிளம்பினால் ஐந்தரைக்குத்தான் வருவாள். அவர் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, இடுக்கியும் பசையுமாக உட்கார்ந்துவிடுவார். ஐந்து மணிக்கு எல்லாம் சூட்கேஸுக்குள். ஐந்தரைக்குக் கொட்டாவி.

"காதுல என்னங்க, வெள்ளையா?"

"நரை."

"காதுலயா?"

"வயசாகுதுல்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் ஜன்னல் விவகாரம் வேறு. அந்த வீட்டில் ஏழு ஜன்னல். ஏழுக்கும் பூவும் கொடியுமாக வளைத்த இரும்புக் கம்பி. இரண்டு வருஷமாகத் துருப்பிடித்து உதிர்ந்தது.

"நாமே அடிச்சுடலாங்க. ஒரு டப்பா பெயிண்ட், ரெண்டு பிரஷ்."

பெயிண்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே ராத்திரி சாரின் டீ டம்ளர் கிடுகிடுவென்று ஆடும்.

"பாத்தியா? ராத்திரி முழிச்சு முழிச்சு நரம்பு தளர்ந்துபோச்சு. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் பிரஷ்ஷைப் பிடிக்கவா?"

"ஐயோ பாவம். டம்ளர் பிடிச்ச இடது கை ஆடுது சரி, பிரஷ் பிடிக்கிறது வலது கையிலல்ல?"

உடனே வலது கையும் ஆடும்.

விண்கலம் வளர்ந்தது. ஆனால் அதில் ஒரு மர்மம் இருந்தது. முதல் வாரம் அவர் இடது இறக்கையை வலது பக்கம் ஒட்டிவிட்டார். விண்வெளியில் இடது ஏது, வலது ஏது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். மறுநாள் சூட்கேஸைத் திறந்தால் இறக்கை சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஒட்டிய தடம்கூட இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்தார். 'சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் தப்பாக ஒட்டியதாக நினைத்திருக்கிறேன். மூளை தூங்கினாலும் கை தூங்கவில்லை!'

அதன்பின் தினமும் அதிசயம்தான். நேற்று மண்புழு மாதிரி நெளிந்த சிவப்புக் கோடு இன்று அடிக்கோல் வைத்தது போல் நிற்கும். பெயிண்ட் காயும்போது தானே நேராகிக்கொள்கிற உயர்ந்த ரகம் என்று முடிவு கட்டினார். ஓட்டுநர் பொம்மை கடுகு அளவு. அதன் முகத்தில் இவர் ஒரு சொட்டு பெயிண்டைத்தான் இறக்கினார். மறுநாள் அதற்குக் கண், மூக்கு, லேசான சிரிப்பு எல்லாம் வந்திருந்தன. உதட்டில் ஒரு இளஞ்சிவப்பு. அந்த நிறம் தன் டப்பாக்களில் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. சிவப்பும் வெள்ளையும் தாமாகக் கலந்திருக்கும் என்று விட்டுவிட்டார். பாராட்டு வருகிற பக்கம் யார்தான் விசாரணை வைப்பார்கள்?

நாற்பதாவது நாள் கலம் முடிந்தது. கடைசித் துண்டை ஒட்டியதும் ராத்திரி சார் கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒன்று முடிந்திருந்தது. 

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. ஹால் மேஜையில் கலம், அதன்மேல் தலையணை உறை. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடவே, கீழ்வீட்டில் குடியிருக்கும் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டரையும் அழைத்து வந்திருந்தாள்.

"இவரும் பாக்கட்டுமே. ஏதோ பெருசா காட்டப் போறீங்கன்னு தோணுச்சு."

சாட்சி தானாக வந்து சேர்ந்ததில் ராத்திரி சாருக்குப் பரம திருப்தி. உறையை உருவினார்.

"அட!" என்றார் போஸ்ட்மாஸ்டர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அடடா!"

மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "ஏங்க, இது நீங்களா பண்ணது?"

"பின்ன? பக்கத்து வீட்டுப் பூனையா?"

"முழுக்க நீங்களே?"

"ஒரு கோட்டுல கூட இன்னொருத்தர் கை படல."

"இந்தத் தலைமுடி மாதிரி கோடெல்லாம்?"

"மூச்சை அடக்கிக்கிட்டுப் போட்டது."

"இந்த ஆளுக்கு மூக்கு கூட இருக்கே!"

"மூக்கு என்ன, கிட்ட வந்து பாரு, சிரிக்கிறான்."

போஸ்ட்மாஸ்டர் சிலிர்த்துப் போனார். "சார், இதுக்கெல்லாம் கை கல்லு மாதிரி நிக்கணும் சார்!"

"நிக்கும்," என்றார் ராத்திரி சார். "கல்லு என்ன கல்லு, தூண் மாதிரி நிக்கும்."

சொன்னதுதான் தாமதம், மனைவி உள்ளே போனாள். வெளியே வந்தபோது ஒரு கையில் பெரிய பெயிண்ட் டப்பா, மறு கையில் இரண்டு பிரஷ், கக்கத்தில் உப்புத்தாள். டப்பா மூடிமேல் தூசி படிந்திருந்தது. வாங்கி வெகு நாளாகியிருக்க வேண்டும்.

"நரம்பு சரியாயிடுச்சே! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஏழே ஜன்னல்தாங்க."

டம்ளர் ஏதாவது கிடைக்குமா என்று ராத்திரி சார் சுற்றிலும் பார்த்தார். கிடைக்கவில்லை. வெறும் கையை ஆட்டிப் பார்க்கலாமென்றால், போஸ்ட்மாஸ்டர் அந்தக் கையைத்தான் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே வழி இருந்தது. 'அந்தக் கோடெல்லாம் எப்படி நேரானதென்று எனக்கே தெரியாது' என்று உண்மையைச் சொல்லிவிடலாம். வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் மனைவி கலத்தை இரண்டு கையாலும் தூக்கி, அலமாரியைத் திறந்து, ஷீல்டுக்குப் பக்கத்தில் அந்த ஒரு சாண் இடத்தில் பதமாக வைத்துவிட்டாள். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. கண்ணாடிக்குள் விண்கலம் தகதகத்தது.

ராத்திரி சார் வாயை மூடிக்கொண்டார். பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாவது ஜன்னலில் இருந்தார். சட்டையில் பெயிண்ட், மீசையில் பெயிண்ட், கம்பியில் அங்கங்கே பெயிண்ட். கொடி எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் எல்லாம் ஒன்றாக வழிந்தது. கீழே வாசலில் நின்ற போஸ்ட்மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இந்தப் பெயிண்ட் மட்டமான ரகம்," என்று ராத்திரி சார் கத்தினார். "தானா நேராகிற ரகம் இல்ல!"

மனைவி டீயைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். கம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோணலாப் போனா போகட்டும், விடுங்க. எப்பவும் போல நீங்க வேலைக்குக் கிளம்பினதும் நான் நேர் பண்ணிடறேன்."