இடமிருந்து வலமாகக் குணமான கண்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் ஆதாரம் கேட்பதில்லை. உன் மூட்டுவலி குறைந்ததா? அத்தான் இன்னமும் தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறாரா?

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான்: நீ என்னை அழைத்துப் போக வர வேண்டாம். கருவிழி மாற்றிய மறுநாள் தொலைபேசியில் நீ போட்ட கெடு எனக்கு மனப்பாடம். "ஆறு வாரம் பார்ப்பேன். அதுக்குள்ள கண்ணு தெளியலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடணும். நான் உனக்கு அக்கா, உன் ஆபீஸ் பியூன் இல்ல, நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட." சரி என்றேன். இப்போது ஐந்தாவது வாரம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், முடிவை நீயே எடு. ஆனால் நான் எடுத்த முடிவையே எடு.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. "மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். மங்கல் என்பது போதாத சொல். காலையில் கண்மேல் ஒட்டியிருந்த மூடியை எடுத்ததும் அறை தண்ணீருக்கு அடியில் இருந்தது. அலமாரி லேசாக மூச்சு விட்டது. கண்ணுக்குள் பதினாறு தையல் போட்டிருக்கிறார்கள், தலைமுடியைவிட மெல்லிய நூலில். அதனாலோ என்னவோ, தெருவிளக்கு ஒவ்வொன்றும் இதழ் விரித்துத் தண்டில்லாத பூவாக நின்றது. மழை பெய்த ஒரு மாலையில் வண்டி விளக்குகள் வரிசையாகப் பூத்துக்கொண்டே வந்து, ஜன்னலுக்குக் கீழே உதிர்ந்துகொண்டே போயின. இருபத்துநான்கு வருஷம் புள்ளிவிவர அலுவலகத்தில் பிறருடைய அட்டவணைகளில் பிழை பிடித்தவள், ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி, படியேறி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து, சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். நாற்காலி வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தது. அதையும் குணமடைவதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். கால் மணி கழித்து ஒரு குரல், "அக்கா, காபி போடட்டுமா?" என்றது. மாடி வீட்டுப் பெண், பேருந்து ஓட்டுநர். "நீ எப்போது என் வீட்டுக்குள் வந்தாய்?" என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். "உங்க வீடு கீழ் மாடி, அக்கா. இது எங்க வீடு. பரவால்ல, உக்காருங்க. நல்லாத் தூங்கினீங்க, அதான் எழுப்பல." உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன். எழுந்து ஓடினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இவள் நல்லவள், கேள்விகள்தான் அதிகம். "ஏங்க்கா, அந்தக் கண்ணைக் குடுத்தவங்க பார்த்ததெல்லாம் உங்களுக்கு வந்து வந்து போகுதா?" என்றாள். ஜன்னலுக்குப் பழைய கண்ணாடி வாங்கிப் போட்டால் அந்த வீட்டுத் தெருவா தெரியும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். ஆனாலும் காலையில் திரையை விலக்கும்போது, கண் கொடுத்தவர், அவர் யாரோ, முதலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நொடி ஒதுங்கி நிற்கிறேன். இதை அத்தானிடம் சொல்லாதே.

உன் கெடு நினைவுக்கு வரவே, மூன்றாவது வாரம் முறையாகச் சோதனையைத் தொடங்கினேன். எதிர்க் கடைக்கு மேலே ஒரு பழைய பலகை. பதினோரு வருஷமாக எதிரிலேயே இருந்தும் அதை நான் படித்ததில்லை. தெரியாத எழுத்துகள் என்பதால் சோதனைக்கு உகந்தது என்று முடிவு செய்தேன். தினமும் காலை எட்டு மணி, அதே ஜன்னல், முன்பே பாதி மங்கிய இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, வலது கண்ணால் எத்தனை எழுத்து தெரிகிறது என்று நோட்டில் குறிப்பது. முதல் நாள் ஓர் எழுத்து: பூ. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று, பூட்டு. அக்கா, எந்த வரைபடக் கோடும் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு நாள்கூட இறங்கவில்லை. சாவி தெரிந்தது, குடை தெரிந்தது. எழுத்துகள் இடமிருந்து வலமாக வரிசையாகவே தெளிந்தன. ஒரு கண் எதற்காக இடமிருந்து வலமாகக் குணமாக வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவும் செய்தேன். இடப்பக்கத் தையல்கள் முதலில் இறுக்கம் தளர்கின்றன என்று நானே ஒரு விளக்கமும் எழுதி, அடிக்கோடிட்டு வைத்தேன். இதே விளக்கத்தை அலுவலகத்தில் ஒரு பயிற்சி ஊழியர் எழுதியிருந்தால் அன்றே அழ வைத்திருப்பேன்.

பத்தாம் நாள் "பழுது" முழுதாகத் தெரிந்தது. பதினோராம் நாள் புதிதாக எதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாளும் இல்லை. பதின்மூன்றாம் நாள் காலை எட்டே கால் வரை ஜன்னலிலேயே நின்றும் இல்லை. புதுக் கருவிழியை உடம்பு ஏற்க மறுத்தால் பார்வை நின்றுபோகும், உடனே வர வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன்னுடைய வீட்டுப் பின்னறை, அதிலிருக்கும் இரும்புப் பெட்டி, நீ எனக்குச் சோறு பிசைந்து தரும் காட்சி, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மேலே ஓடிப் போய் ஓட்டுநரை எழுப்பினேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு என்னோடு மருத்துவமனைக்கு வந்தாள்.

டாக்டர் இளம்பெண். விளக்கை அடித்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். "சிவப்பு இல்ல, வீக்கம் இல்ல, ரொம்ப நல்லா ஒட்டியிருக்கும்மா. பார்வை நின்னு போச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" நோட்டை எடுத்து நீட்டினேன். வரைபடத்தை விளக்கினேன். "மூணு நாளா எழுத்து கூடவே இல்லை" என்று நான் முறையிட்டபோது, பின்னாலிருந்து ஓட்டுநர் கேட்டாள்: "எந்தப் போர்டு? பூட்டு சாவிக் கடை போர்டா?"

"ஆமாம்."

"ஐயோ அக்கா! பழைய எழுத்தை அழிச்சுட்டு இப்பத்தானே அதுக்குப் புதுசா பெயின்ட் அடிக்கிறாங்க! அந்த ஆளு வேற வேலை முடிச்சுட்டு சாயங்காலம் வந்து தினம் ஒரு எழுத்து எழுதிட்டுப் போவாரு. மூணு நாளா அவருக்குக் காய்ச்சல்!"

மாலை வெயில் கூசும் என்று அந்த நேரம் பார்த்து நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பேன். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தாள். "பெயின்டருக்குக் காய்ச்சல் குறைஞ்சதும் உங்களுக்குச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இரண்டு மணி வண்டிக்குக் கிளம்பிப் போனாள். படி இறங்கும்வரை அவள் சிரித்தது கேட்டது.

அதற்குப் பிறகு முறையான எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். அக்கா, நான்கு வரி. பெயின்டர் உதவி இல்லாமல், சொந்தமாக நான்கு வரி. போன முறை மேல் வரியே தெரியவில்லை. முழுத் தெளிவுக்கு ஒரு வருஷம் ஆகலாம், ஏறும், இறங்கும், ஆனால் தனியாக இருக்கலாம், அடுத்த மாதம் அரை நாள் வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் எழுத்தில் கொடுத்துவிட்டாள். தெருவிளக்குகளில் இதழ்கள் குறைந்து வருகின்றன. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஆகவே உன் கெடு முடியுமுன்பே வழக்கு முடிந்தது. பின்னறையை நீ ஒழிக்க வேண்டாம். பயணச்சீட்டு வாங்க வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்காலுக்கு என் அனுதாபம். பிள்ளைகளுக்கு ஆசிகள், கேட்டால் மட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் பேச்சுக் கேட்காத தங்கை

பி.கு.: கடிதத்தை மறுபடி படித்தேன். விவரங்கள் சரி, முடிவுதான் தவறு. நான்கு வரி படித்து முடித்ததும், சொல்வதற்காகப் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினேன். அங்கே என் கைப்பைதான் இருந்தது. பை என்று நன்றாகத் தெரிந்தது, அந்த அளவுக்குக் கண் தேறியிருக்கிறது. தெரிந்தும் அதனிடம் சொன்னேன்: "நாலு வரி." வா. என்னைக் கூட்டிப் போக வேண்டாம், சும்மா வந்து இரு. சோறு நானே பிசைந்துகொள்கிறேன்.